சந்தனமா, எலுமிச்சையா? – வாசகர் கேள்விகள்

"சந்தன ஷேவிங் க்ரீமில் சந்தனத்தைத் தேடாதீர்கள்" என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. வேறு கேள்விகள் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: அம்பத்தூரில் சோப்புக்கும் க்ரீமுக்கும் வாசனைக் காம்பவுண்ட் கலக்கிக் கொடுக்கும் சிறு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூக்கை வைத்துப் பிழைத்தவன்.

கே: 85 ரூபாய் ட்யூபில் சந்தனக் கட்டை படம் போட்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் மணக்கவும் செய்கிறது. அதில் சந்தனமே இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? – வாசகர், பெரம்பூர்

ப: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் ஐயா. ட்யூப் 70 கிராம். வாசனை நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்தால் 0.7 கிராம். நல்ல சந்தன எண்ணெய் கிலோ லட்சக்கணக்கில் விற்கிறது. இரண்டு லட்சம் என்று குறைத்தே வைப்போம். அப்படியானால் கிராம் 200 ரூபாய். எண்ணெய்க்கு மட்டும் 140 ரூபாய் ஆயிற்று. க்ரீம், ட்யூப், அட்டைப்பெட்டி, விளம்பரம், கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்கு மேல். அதை உங்களுக்கு 85 ரூபாய்க்கு யார் கொடுப்பார்கள்?

விலை ஏறியதற்குக் காரணம் மரம்தான். சந்தனம் அரை ஒட்டுண்ணி. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சித்தான் வளரும். இலையிலும் பட்டையிலும் மணம் கிடையாது. உள்ளே வைரம் பாய்ந்த கட்டையிலும் வேரிலும்தான் எண்ணெய். அந்த வைரம் பாய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திப்பு சுல்தான் 1792-ல் சந்தனத்தை ராஜாங்கத்துக்குச் சொந்தமான மரமாக அறிவித்ததிலிருந்து, நம் தோட்டத்தில் முளைத்தாலும் அது சர்க்கார் சொத்துதான் என்ற நிலைமை வெகுகாலம் இருந்தது. யார் ஆசைப்பட்டு வளர்ப்பார்கள்? கர்நாடகமும் தமிழ்நாடும் சட்டத்தைத் தளர்த்தியது 2001, 2002-ல்தான்.

சரி, அப்படியானால் உங்கள் ட்யூபில் மணப்பது எது? சாண்டலோர், பாக்டனால், எபனால், ஜாவனால் என்று பல சரக்குகள் இருக்கின்றன. எல்லாம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. இவற்றில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் பைன் மரத்துப் பிசினிலிருந்து இறக்கும் டர்பன்டைன். ஆமாம், பெயின்ட்டில் கலக்கிறார்களே, அதே டர்பன்டைன்தான். அதிலிருந்து பல படிகள் தாண்டி சந்தன வாசனைக்கு வந்து சேர்கிறார்கள். ஜாவனால் கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், அறை முழுக்க நிற்கும்.

இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். படத்தில் இருப்பது மணத்தின் பெயர், அவ்வளவுதான். இன்னொன்று, ஷேவிங் க்ரீமில் வாசனைக்கு முதல் வேலை மணப்பது அல்ல, மறைப்பது. ஸ்டியரிக் அமிலத்தையும் தேங்காய் எண்ணெய் அமிலத்தையும் பொட்டாஷ் காரத்தில் வேகவைத்த க்ரீமை வாசனை சேர்க்கும் முன் முகர்ந்து பார்த்தால் பணம் கொடுத்து வாங்க மாட்டீர்கள். அதை மறைக்க நிஜச் சந்தன எண்ணெயை ஊற்றுவது அநியாயம்.

நிஜ எண்ணெய்தான் வேண்டும் என்றால் சோப்பிலேயே இருக்கிறது. முதல் உலகப் போரில் கப்பல் போக்குவரத்து முடங்கி, மைசூரில் சந்தனக் கட்டைகள் விற்காமல் குவிந்தன. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் சேர்ந்து, கட்டையாக விற்காததை எண்ணெயாக வடிப்போம் என்று 1916-ல் இறங்கினார்கள். மைசூர் சாண்டல் சோப் அந்த வழியில் வந்ததுதான். சாதா க்ரீமில் ஷேவ் செய்துவிட்டு அந்தச் சோப்பில் முகம் கழுவிப் பாருங்கள். உங்கள் ட்யூபின் சந்தனத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மூக்கே சொல்லும். ட்யூபில் இருப்பது கூர்மையாக, காய்ந்த மரம்போல் இருக்கும். எண்ணெயில் பால் வாடையும் லேசான புளிப்பும் சேர்ந்த ஒரு மெத்தென்ற தன்மை உண்டு. அதை எந்த சரக்கும் முழுசாகப் பிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கே: லண்டனில் இருக்கும் மகன் 'சாண்டல்வுட்' என்று போட்ட ஷேவிங் க்ரீம் டப்பா அனுப்பினான். விலை கேட்டால் மயக்கம் வருகிறது. ஆனால் நம் கோயில் சந்தன வாசனை துளிகூட இல்லையே, ஏமாந்துவிட்டானா? – வாசகர், மேற்கு தாம்பரம்

ப: இல்லை ஐயா, அது வேறு குடும்பம். டெய்லர் ஆஃப் ஓல்ட் பாண்ட் ஸ்ட்ரீட் 1854-ல் தொடங்கியது, ட்ரூஃபிட் அண்ட் ஹில் 1805-ல், ட்ரம்பர் 1875-ல். எல்லாம் லண்டன் நாவிதர் கடைகள். அவர்கள் 'சாண்டல்வுட்' என்று பெயர் வைத்தாலும் முன்னால் வந்து நிற்பது லாவெண்டர், ஜெரேனியம், கிராம்பு மாதிரி மணக்கும் கார்னேஷன். சந்தனம் அடியில் கிடக்கும், நம் சாம்பாரில் பெருங்காயம் கிடக்கிற மாதிரி. 1882-ல் பாரிஸில் ஹூபிகான் கம்பெனி லாவெண்டர், ஓக் மரப் பாசி, காய்ந்த வைக்கோல் மாதிரி மணக்கும் கூமரின் மூன்றையும் சேர்த்து 'ஃபூஜேர் ராயல்' என்ற சென்ட் போட்டது. அன்றிலிருந்து மேற்கத்திய ஆண்களுக்கு 'சலூன் வாசனை' என்றாலே அந்தக் கலவைதான். நமக்குச் சந்தனம் என்றால் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்தது, கல்யாண வாசலில் பன்னீரோடு வைப்பது. இரண்டு மூக்குகளும் வேறு வேறு பள்ளிக்கூடத்தில் படித்தவை. டப்பாவை வீணாக்காமல் சந்தனம் என்பதை மறந்துவிட்டு முகருங்கள், பிடித்துப்போகும். இத்தாலிக்காரர்களின் ப்ரொராசோவிலும் சிவப்பு ட்யூப் சந்தனம்தான். ஆனால் அவர்கள் பேர் வாங்கியது பச்சை ட்யூபில், யூகலிப்டஸும் மெந்தாலும் போட்டு.

கே: சென்னை வெயிலுக்கு எது ஒத்துவரும்? எலுமிச்சையா, சந்தனமா, மெந்தாலா? – வாசகர், ராயபுரம்

ப: எலுமிச்சை வாசனையில் பெரும்பங்கு லிமோனின். சின்ன மூலக்கூறு, சட்டென்று பறந்துவிடும். நுரை போடும்போது குளியலறை நிறைய இருக்கும், முகம் துடைத்ததும் காணாமல் போகும். சந்தனம் கனம், நகராது. ஆனால் க்ரீம் கழுவப்படுகிற சாமான் என்பதை மறக்க வேண்டாம். எதுவானாலும் தோலில் மிஞ்சுவது கொஞ்சம்தான். கடற்கரை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது உங்கள் மேல் சந்தனம் மணந்தால் அது பவுடர் அல்லது ஆஃப்டர் ஷேவின் உபயம்.

மெந்தால் விஷயம் தனி. அது தோலைக் குளிர வைப்பதே இல்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்று ஒரு புரதம் இருக்கிறது, குளிர் பட்டால் மூளைக்குச் சேதி சொல்வது அதுதான். மெந்தால் அதைத் தட்டி எழுப்புகிறது, மூளை "ஜில்" என்கிறது. தெர்மாமீட்டர் வைத்தால் பழைய சூடுதான். தெரிந்தும் ஏமாறத் தயார் என்றால் அக்னி நட்சத்திரத்தில் அதைவிட நல்ல க்ரீம் கிடையாது. கண்ணருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

நான் எதைப் போடுகிறேன் என்று எழுதாவிட்டால் அடுத்த வாரம் அதற்கும் கடிதம் வரும். எலுமிச்சை, வருஷம் முழுக்க. காலையில் காபிக்கு முன் மூக்குக்கு வேலை கொடுக்க எனக்கு விருப்பமில்லை, அது சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடுகிறது. பிறகு நெற்றிக்கு வைக்கும் சந்தனம் தனியாக நிற்கும். கஸ்தூரி என்று பெயர் போட்ட ட்யூப்களை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. அதில் மானும் இல்லை, நளினமும் இல்லை.

கே: அதே க்ரீம்தான். சலூனில் போட்டால் கமகமவென்று இருக்கிறது, வீட்டில் இல்லை. ஏன்? – வாசகர், திருவல்லிக்கேணி

ப: சலூன்காரர் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து நிதானமாகச் சுழற்றுகிறார். நுரைக்குள் காற்று போகப் போக, சூடு ஏற ஏற, வாசனை எழும்பும். நீங்கள் ஆபீஸுக்கு நேரமாயிற்று என்று பச்சைத் தண்ணீரில் விரலால் தேய்க்கிறீர்கள்.

கே: சந்தன க்ரீம் மாற்றியதிலிருந்து தாடைக்குக் கீழே எரிச்சல், சிவப்புப் பொரி. வாசனைதான் காரணமா? இயற்கை எலுமிச்சைக்கு மாறட்டுமா? – வாசகர், வேளச்சேரி

ப: முதலில் பிளேடைப் பாருங்கள் தம்பி. மழுங்கிய பிளேடும், முடி வளரும் திசைக்கு எதிராக இழுப்பதும் தாடைக்குக் கீழே செய்கிற அட்டகாசத்தை வாசனையின் தலையில் கட்டிவிடுகிறோம். சோப்பு அடிப்படையிலான க்ரீமே காரத்தன்மை உள்ளது, வறண்ட தோலுக்கு அதுவே உறுத்தும்.

பிளேடு மாற்றியும் நிற்கவில்லை என்றால் வாசனையைச் சந்தேகிக்கலாம். ஆனால் எலுமிச்சைக்கு ஓடாதீர்கள். லிமோனினும் லாவெண்டரில் இருக்கும் லினாலூலும் காற்று பட்டுப் பழசாகும்போது உருவாகும் பொருள்கள்தான் ஒவ்வாமைக்குப் பேர் போனவை. மூடி திறந்தபடி குளியலறையில் மாதக்கணக்கில் கிடக்கும் ட்யூபைத் தூக்கிப் போடுங்கள். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட 26 வாசனைப் பொருள்களை, கழுவிவிடும் சரக்கில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று 2003-ல் சட்டம் போட்டார்கள். அங்கிருந்து யாராவது அனுப்பும் டப்பாவில் கடைசி வரிகளைப் படித்தால் லிமோனின், லினாலூல், கூமரின் வரிசையாக நிற்கும். நம் ட்யூப் பலவற்றில் 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லோடு கதை முடியும்.

இயற்கை என்றால் சாது என்ற நினைப்பும் வேண்டாம். நிஜச் சந்தன எண்ணெயே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஷேவ் முடித்ததும் எலுமிச்சை மூடியைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் கிளம்புகிறவர்கள் நம் ஊரில் உண்டு. அந்தச் சாற்றில் இருக்கும் ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கி, கறுப்புத் தழும்பு விட்டுப் போகும். செய்யவே செய்யாதீர்கள். இரண்டு வாரம் வாசனை இல்லாத க்ரீம் போட்டுப் பாருங்கள். அடங்காவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டி, பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் சோதனை) வேண்டுமா என்று கேளுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் காலையில் எலுமிச்சை க்ரீம், அப்புறம் ஓல்ட் ஸ்பைஸ், மேலே ஒரு டியோடரன்ட், நெற்றியில் சந்தனம். எனக்குத் தலைவலி வருகிறது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லையாம். – வாசகி, மந்தைவெளி

ப: அவருக்குத் தெரியாதுதான் அம்மா. ஒரே மணத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். கம்பெனியில் நாங்களே நாலு சாம்பிளுக்கு ஒருமுறை வெளியே போய் நின்றுவிட்டு வருவோம். டியோடரன்ட்டை ஒளித்து வையுங்கள். சந்தனத்தை விட்டுவிடுங்கள், அது யாருக்கும் தலைவலி தராது, பாவம்.

கே: வாசனை இல்லாத க்ரீமில் கடையில் விற்கும் சந்தனப் பொடியைக் கலந்துகொள்ளலாமா? – வாசகர், குரோம்பேட்டை

ப: வேண்டாம். பொடி பிளேடு இடுக்கில் அடைக்கும், தோலில் உரசும். மலிவாகக் கிடைக்கும் பொடியில் பெரும்பாலும் ஏதோ மரத்தூளும் நான் முதலில் சொன்ன சரக்கும்தான். கட்டை இருந்தால் ஷேவ் முடித்துத் துடைத்த பிறகு கல்லில் இழைத்து மெல்லிசாகப் பூசிக் கழுவுங்கள்.

கே: அப்பாவுக்கு 80 வயது நிறைகிறது. சதாபிஷேகத்துக்கு நல்ல ஷேவிங் க்ரீம் ஒன்று பரிசளிக்க ஆசை. எந்த வாசனை? – வாசகி, அண்ணா நகர்

ப: அவர் இத்தனை வருஷமாக எதைப் போடுகிறாரோ அதே வாசனை. வயதாக ஆக மூக்கின் கூர்மை குறையும். புது மணத்தைப் பழகிக்கொள்வதைவிடப் பழைய மணத்தை ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொள்வது அவர்களுக்கு எளிது. பணம் செலவழிக்க வேண்டும் என்றால் நல்ல பிரஷ் வாங்குங்கள், கைப்பிடி தடிமனாக, ஈரக் கையில் வழுக்காததாக. க்ரீம் ட்யூபில் இருக்கட்டும், திருகு டப்பா வேண்டாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். 80 வயது அப்பாக்கள் பரிசைத் திருப்பிக் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள்.