ஆன்லைன் வகுப்பு அரை மணியா, முழு மணியா? ஒர்க்லோடு கணக்கைப் போடும் முறை

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில், செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் வணிகவியல் உதவிப் பேராசிரியர் நான். வாரம் 16 மணி நேரம் வகுப்பு. வருகிற செமஸ்டரில் ஒரு தாளை இரண்டு செக்‌ஷனுக்கும் சேர்த்து, மொத்தம் 120 பேருக்கு, ஆன்லைனில் நடத்தச் சொல்கிறார்கள். வாரம் 4 மணி நேரத் தாள். வீட்டிலிருந்துதானே எடுக்கிறீர்கள் என்று அதை 2 மணியாக எழுதிவிட்டு, மீதி 2 மணிக்கு வேறு வகுப்பு போட்டிருக்கிறார்கள். வீடியோவும் நானே எடுக்க வேண்டுமாம். இதை எப்படிக் கேட்பது?

பதில்: உங்கள் கணக்கில் போனது 2 மணி அல்ல, 6 மணி. 4 மணி நேரத் தாளை இரண்டு செக்‌ஷனுக்குத் தனித்தனியாக எடுத்தால் டைம்டேபிளில் 8 மணி நேரம். செக்‌ஷன்களை ஒன்றாகச் சேர்த்தபோதே 4 போய்விட்டது. அதற்குப் பிறகுதான் "வீட்டிலிருந்துதானே" என்று பாதியாக்கியிருக்கிறார்கள். பாதியாக்கியதை மட்டும் எதிர்த்துப் பேசினால் 4 மணிக்கு ஒப்புக்கொண்டு எழுந்து வர வேண்டியதாகும். பேச்சை 8-லிருந்து தொடங்குங்கள்.

விதி என்ன சொல்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, முழுநேர ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாமல், ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாள். இதில் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. ஆன்லைனில் எடுத்த ஒரு மணியை அரை மணியாக எண்ணலாம் என்று அதில் எங்கும் இல்லை. உங்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழக இணைவில் இருந்தால் பாடத்திட்டத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு தாளுக்கும் வாரத்துக்கு இத்தனை மணி என்று அச்சிட்டிருப்பார்கள். வகுப்பறையில் நடத்தினாலும் திரையில் நடத்தினாலும் அந்த எண் அந்தத் தாளுக்கு உரியது. முதல்வர் அறையில் விதியைவிட இந்தத் தாள்தான் அதிகம் எடுபடும்.

அடுத்து, வேலையைக் கணக்காகக் காட்டுவது. வகுப்பறையில் 60 பேர் உட்கார்ந்தாலும் 70 பேர் உட்கார்ந்தாலும் ஒரு பீரியட் ஒரு பீரியட்தான். ஆன்லைனில் அப்படி இல்லை. பாடத்தை ஒருமுறை பதிவு செய்துவிடலாம். ஆனால் சந்தேகம், திருத்தம், வராதவரைத் தேடிப்பிடிப்பது எல்லாம் தலைக்கு இத்தனை நிமிடம் என்று ஏறும். அதனால் ஒருமுறை செய்யும் வேலை, செமஸ்டர் முழுக்க ஓடும் வேலை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கீழே உள்ள நிமிடங்கள் மாதிரிக்குத்தான். முதல் இரண்டு வாரம் கடிகாரம் பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருமுறை வேலை: 5 யூனிட், யூனிட்டுக்கு 10 நிமிட வீடியோ 6, மொத்தம் 30. ஒரு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட்டும் ஸ்லைடும் ஒன்றரை மணி நேரம். திரும்பத் திரும்ப எடுப்பதையும் சேர்த்து ரெக்கார்டிங் அரை மணி. வெட்டி ஒட்டி ஏற்ற அரை மணி. ஆக 75 மணி நேரம். யூனிட்டுக்கு 30 கேள்வி என்று 150 கேள்வி, கேள்விக்கு 6 நிமிடம் என்றால் 15 மணி. மொத்தம் 90 மணி நேரம்.

ஓடும் வேலை, 15 வாரத்துக்கு: நேரலை வகுப்பு வாரம் 2 மணி, ஆக 30. சந்தேகம் தீர்ப்பது ஆளுக்கு வாரம் 2 நிமிடம். 120 பேருக்கு வாரம் 4 மணி, ஆக 60. எழுத்து அசைன்மென்ட் 3. தாளுக்கு 6 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 12 மணி, ஆக 36. வராதவரைத் தொடர்புகொள்வது வாரம் ஒரு மணி, ஆக 15. கூட்டினால் 141, வாரத்துக்கு 9.4 மணி நேரம். இதே கணக்கை 60 பேருக்குப் போட்டால் 85.5 மணி, வாரத்துக்கு 5.7. நேரலை வகுப்பின் 30 மணி இரண்டிலும் மாறவில்லை. மற்றதெல்லாம் தலைக்கணக்கில் இரட்டித்தவை.

இந்த 9.4-ஐ அப்படியே கேட்காதீர்கள். திருத்துவதும் தயாரிப்பதும் வகுப்பறை ஆசிரியருக்கும் உண்டு. அவை 40-இல் 16 போக மீதி 24 மணியில் அடங்க வேண்டியவை. நேரடிக் கற்பித்தல் என்று நியாயமாகச் சொல்லக்கூடியது நேரலையும் சந்தேக நேரமும்தான்: 2-ம் 4-ம் சேர்த்து வாரம் 6 மணி. செக்‌ஷன் வாரியாக நேரலையைப் பிரித்து நடத்தினால் நேரலை 4-ம் சந்தேகம் 4-ம், சரியாக 8. ஆக, நிர்வாகத்துக்கு முன் இரண்டு வழியை வையுங்கள். செக்‌ஷனைப் பிரித்தால் 8. சேர்த்தே நடத்தச் சொன்னால் 6. ஆறு கிடைத்தால் ஒப்புக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. நாலுக்கு மட்டும் இறங்காதீர்கள். ஒருமுறை அந்த எண் எழுத்தில் ஏறிவிட்டால் அடுத்த ஆண்டு துறையில் எல்லாருக்கும் அதுதான் அளவு.

வீடியோ தயாரிப்புக்கான 90 மணியைத் தனியாகப் பேசுங்கள். அதை வகுப்பு நடக்கும் செமஸ்டரிலேயே செய்தால் வாரத்துக்கு இன்னும் 6 மணி ஏறும். மூன்றாவது யூனிட் வீடியோவை முந்தின நாள் ராத்திரி எடுக்கும் நிலை வரும். முந்தைய செமஸ்டரில் வாரம் 2 மணி குறைத்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் முதல் ஆண்டு 2 யூனிட்டுக்கு மட்டும் வீடியோ, மற்றவற்றுக்கு நேரலை என்று எழுதி வாங்குங்கள். "பதவி உயர்வுக்கு மார்க் கிடைக்குமே, மணி எதற்கு?" என்று ஒரு பதில் வரும். மார்க் உண்மைதான். 2018 ஒழுங்குமுறையின் அட்டவணையில், நான்கு பகுதிகளும் கொண்ட முழுத் தாள் மின் பாடத்துக்கு 12, ஒரு மாடியூலுக்கு 5. நான்கு பகுதி என்றால் வீடியோ, வாசிப்புப் பாடம், சுயமதிப்பீடு, கலந்துரையாடல். யூடியூபில் வீடியோவை மட்டும் ஏற்றிவைத்துவிட்டு அந்த 12-ஐக் கேட்க முடியாது. மார்க் உங்கள் கோப்புக்கு, மணி உங்கள் டைம்டேபிளுக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க இடமில்லை.

கேட்க வேண்டிய காலமும் முக்கியம். ஜூனில் தொடங்கும் ஒற்றைப்படை செமஸ்டருக்கான ஒர்க்லோடு பட்டியல் ஏப்ரலிலேயே உருவாகத் தொடங்கிவிடும், அடுத்து வரும் இரட்டைப்படை செமஸ்டருக்கு அக்டோபரில். ஜூனில் டைம்டேபிள் ஒட்டிய பிறகு போனால் பதில் அனுதாபமாகத்தான் இருக்கும். தனியாளாகவும் போகாதீர்கள். துறைக் கூட்டத்தில் வைத்து, மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏற்றி, துறைத்தலைவர் வழியாக அனுப்புங்கள். கடிதம் நீள வேண்டாம்: "மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, மேற்கண்ட தாள் பாடத்திட்டப்படி ஒரு பிரிவுக்கு வாரம் 4 மணி நேரம். இரு பிரிவுகளில் 120 மாணவர்கள். இணைப்பில் உள்ள கணக்கின்படி இதை வாரம் 8 மணி நேரமாக ஒர்க்லோடில் சேர்க்கவும், பிரிவுகளை இணைத்தே நடத்துவதானால் 6 மணி நேரமாகக் கணக்கிடவும் வேண்டுகிறோம்." இணைப்பு ஒரே பக்கம் போதும்.

கல்லூரி தரும் மணி ஒருபுறம் இருக்க, உங்கள் கையிலேயே குறைக்கக்கூடியதும் நிறைய உண்டு. முதலில் வாட்ஸ்அப். தனி மெசேஜில் சந்தேகம் கேட்க விட்டால் ஒரே கேள்விக்கு முப்பது தடவை பதில் எழுதுவீர்கள். யூனிட்டுக்கு ஒரு கேள்வி இழை கூகுள் கிளாஸ்ரூமில் திறந்து, பதில் அங்கே மட்டும்தான், செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் என்று முதல் நாளே சொல்லுங்கள். சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். ஒரே ஒருவருக்கு ராத்திரி 11 மணிக்குப் பதில் போட்டால் விஷயம் குரூப் முழுக்கப் பரவிவிடும்.

அசைன்மென்ட்டில் நேரத்தைத் தின்பது திருத்துவதை விட, திறப்பது. தலைகீழாக எடுத்த எட்டு போட்டோ, பெயரில்லாத கோப்பு, அனுமதி கொடுக்காத டிரைவ் லிங்க். ஒரே பிடிஎஃப், கோப்புப் பெயரில் ரோல் நம்பர், இல்லையென்றால் திருப்பி அனுப்பப்படும் என்று விதி வையுங்கள். தாளுக்கு 2 நிமிடம் மிச்சமானாலே 120 தாளுக்கு 4 மணி நேரம். 3 அசைன்மென்ட்டில் ஒன்றைத் தானே திருத்திக்கொள்ளும் வினாடி வினாவாக மாற்றினால் இன்னும் 12 மணி மிச்சம். தவறான விடைக்கு ஏன் தவறு என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டால் சந்தேகங்களும் குறையும். கிளாஸ்ரூமில் கருத்துகளைச் சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. அடிக்கடி எழுதும் பத்துப் பன்னிரண்டு குறிப்புகளை அதில் போட்டுவையுங்கள்.

வீடியோவில் தேதி, இன்டர்னல் தேர்வு நாள், தாள் குறியீடு எதையும் வாயால் சொல்லாதீர்கள்; அடுத்த ஆண்டு அந்த ஒரு வாக்கியத்துக்காக மறுபடி எடுக்க நேரும். ஒரு வீடியோவில் ஒரே கருத்து இருந்தால் பாடத்திட்டம் மாறும்போது நாலைந்தை மட்டும் மாற்றினால் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு காலர் மைக்கில் பேசுங்கள். படம் சுமாராக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி இரைந்தால் மூடிவிடுவார்கள்.

உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கத்து மாணவர்கள் மாலை ஆறரை மணிக்குப் பஸ்ஸில் இருப்பார்கள். மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் ஒன்பது வரை நிற்பார்கள். நேரலை நேரத்தை முடிவு செய்யும் முன் ஒரு படிவம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வராதவரைத் தேடும் 15 மணி 30 ஆகும். 10 நிமிட வீடியோ 360பி தரத்தில் சுமார் 40, 50 எம்.பி.தான், 720பி-யில் இரண்டு மூன்று மடங்கு. அவர்கள் நாள் டேட்டா முடிந்தால் சந்தேகம் உங்கள் போனுக்குத்தான் வரும்.

மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் பற்றியும் ஒரு வார்த்தை. மானியக் குழுவின் 2021 ஒழுங்குமுறைப்படி ஒரு செமஸ்டரின் தாள்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே கிரெடிட் பெற மாணவர்களை அனுமதிக்கலாம். உங்கள் தாளையே அப்படி மாற்றினால், பாடம் எடுப்பவர் என்ற இடத்திலிருந்து நீங்கள் மென்டர், அதாவது வழிகாட்டி மட்டும், ஆவீர்கள்; அந்தத் தாளின் மணி துறைக் கணக்கிலிருந்தே போகும், பணியிடமும் அதோடு சேர்ந்து ஆடும். சம்மதிக்கும் முன் மென்டருக்கு வாரம் எத்தனை மணி என்பதைத் துறை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஸ்கிரிப்ட், ஸ்லைடு, மூல வீடியோ, கேள்வி வங்கி எல்லாவற்றுக்கும் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மின்னஞ்சல் கணக்கு வேலையோடு சேர்ந்து மூடப்படும். செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் அது ஏப்ரல் கடைசியில் ஒரே நாளில் நடக்கக்கூடும்.