உயிலுக்கு புரொபேட் வாங்க வேலூரில் எப்படிப்பட்ட வக்கீலைத் தேடுவது?

இறந்தவர் எழுதிய கடைசி உயில் இதுதான், இது உண்மையானதுதான் என்று கோர்ட் முத்திரையிட்டுத் தரும் சான்றே புரொபேட். எழுதியவர் வந்து சொல்ல முடியாது. அதனால்தான் கோர்ட் சரிபார்க்கிறது. செக்கில் உள்ள கையெழுத்து சரி என்று பேங்க் சொல்வது போல. கணக்கில் பணம் இருக்கிறதா, அதாவது சொத்து அவருடையதா என்பது தனிக் கேள்வி.

வேலூரில் எழுதி, இங்குள்ள சொத்தை மட்டும் பற்றிய உயிலுக்கு புரொபேட் கட்டாயமில்லை. வாரிசுகளுக்குள் தகராறு என்றால் உதவும். அதனால் முதல் சந்திப்பிலேயே "இது எனக்குத் தேவையா?" என்று கேட்டுவிடுங்கள். உடனே வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்து கேட்பவரை விட, அசல் உயிலை வாங்கி, சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்து, "இந்த ரெண்டு பேரில் யார் உயிரோடு இருக்காங்க?" என்று விசாரிப்பவரை நம்பலாம். சாட்சி உயிரோடு இருந்தால் ஒருவரையாவது கோர்ட்டில் விசாரித்தாக வேண்டும். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் சிவில் வழக்கு நடத்துபவராகப் பாருங்கள். செலவுக்கு வழியில்லையா? இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பே கிடையாது.

அப்புறம், ரிஜிஸ்டர் செய்த உயிலை நிரூபிக்க வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பதிவு செய்திருந்தாலும் நிரூபித்தே ஆக வேண்டும்.