கடைசி வரியை முதலில் படியுங்கள்: பான்ஸ் தேர்வு கேள்வி பதில்

பெரியப்பா இன்றும் ஊரில் என்னைப் பற்றி "அவள் பி.ஏ. படித்திருக்கிறாள்" என்றுதான் சொல்கிறார். கேட்பவர்கள் தமிழா, வரலாறா என்று விசாரிக்கிறார்கள். அமெரிக்காவில் பி.ஏ. என்றால் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். நோயாளியைப் பரிசோதிப்பது, நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து எழுதுவது எல்லாம் செய்வோம். ஓஹையோவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களை என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் எழுத வேண்டிய தேர்வு பான்ஸ். 300 கேள்விகள், 60 கேள்விகள் கொண்ட 5 பகுதிகள், பகுதிக்கு ஒரு மணி நேரம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

டெக்ஸஸிலிருந்து, கடைசி வருட மாணவி: அக்கா, இன்னும் 10 வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

தேர்வு நடத்தும் என்சிசிபிஏ எந்த உறுப்புக்கு எவ்வளவு பங்கு என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. இதயம் முதலிடம், அடுத்தது நுரையீரல். எல்லாருக்கும் பிடித்த தோல் நோய்ப் படங்களில் ஒரு வாரத்தைக் கரைத்துவிட்டு இதயத்துக்கு நேரமில்லை என்று வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

அதைவிட முக்கியமானது, கேள்வியின் கடைசி வரியை முதலில் படிப்பது. நீண்ட விமானப் பயணம், கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்று ஒரு கதை வருகிறது. நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? கடைசி வரி "எந்தப் பரிசோதனை?" என்றால் சிடி ஆஞ்சியோகிராம், சாயம் ஏற்றி ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது. சிறுநீரகம் கெட்டுப்போனவர் என்று நடுவில் ஒரு வரி இருந்தால் அந்தச் சாயம் இல்லாமல் நுரையீரலின் காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்கும் விக்யூ ஸ்கேன். ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கிவிட்டது, இப்போது என்ன என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து. கதை ஒன்று, விடை மூன்று. நோயின் பெயரைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் கேள்வியையே மறந்துவிடுவதுதான் நம் பிள்ளைகளின் வியாதி.

நியூ ஜெர்சியிலிருந்து: எந்தக் கேள்வி வங்கி வாங்குவது? யூவேர்ல்டா, ரோஷா?

ஏதாவது ஒன்று. முழுதாக ஒருமுறை போடு, தப்பானதை மட்டும் மறுபடி போடு. சரியான விடை ஏன் சரி என்பதைவிட, நீ தேர்ந்தெடுத்தது ஏன் தப்பு என்பதை ஒரு வரியில் எழுதி வை. இரண்டு வாங்கி இரண்டிலும் பாதி போடாதே.

கலிஃபோர்னியாவிலிருந்து, முதல் வருட மாணவன்: இதய மர்மர்கள் (ஸ்டெதஸ்கோப்பில் துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் இரைச்சல்கள்) மண்டையில் ஏறவே இல்லை அக்கா. உட்கார்ந்தால் கூடும், நின்றால் குறையும் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறேன், மறுநாள் மறந்துவிடுகிறது.

அட்டவணையைக் கிழித்துப் போடு. பிள்ளையார் கோயிலுக்குப் போயிருக்கிறாய் அல்லவா? தோப்புக்கரணம் போடு.

உட்காரும்போது என்ன நடக்கிறது? காலில் இருக்கும் ரத்தம் பிழிந்து மேலே போகிறது. இதயம் நன்றாக நிரம்புகிறது. எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. மூச்சை அடக்கி முக்குவதும் (அதுதான் வால்சால்வா) எழுந்து நிற்பது மாதிரியே, இதயம் காலியாகிறது. இவ்வளவுதான் மூலதனம்.

இப்போது அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸை எடுத்துக்கொள். குறுகிய வால்வு வழியாக ரத்தம் பாயும் சத்தம் அது. ரத்தம் அதிகமானால் சத்தமும் அதிகம். ஆக, தோப்புக்கரணத்தில் உட்கார்ந்தால் கூடும், எழுந்தால் குறையும். பெரும்பாலான மர்மர்கள் இந்தக் கட்சிதான்.

எதிர்க்கட்சி இரண்டே பேர். முதலாமவர் ஹெச்ஓசிஎம். இதில் அடைப்பு வால்வில் இல்லை, வீங்கிய தசைச் சுவர்தான் வழியை மறிக்கிறது. இதயம் நிரம்பினால் சுவர் விலகி வழி கிடைக்கிறது, சத்தம் அடங்குகிறது. எழுந்தால் அறை சுருங்கிச் சுவர் குறுக்கே வருகிறது, சத்தம் ஏறுகிறது. மைதானத்தில் மயங்கி விழும் இளம் விளையாட்டு வீரனின் கதை வந்தால் இவரைத்தான் நினைக்க வேண்டும். இரண்டாமவர் மைட்ரல் வால்வு புரோலாப்ஸ். அறை சின்னதானால் தொளதொளவென்ற வால்வு சீக்கிரமே பின்னால் பிதுங்குகிறது. க்ளிக் முன்னதாகக் கேட்கும், மர்மர் நீளும்.

நான் படிக்கும்போது உண்மையாகவே ஹாஸ்டல் அறையில் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். என் அறைத்தோழி ஒரு வெள்ளைக்காரப் பெண். நான் ஏதோ பாவம் செய்துவிட்டேன் என்று நினைத்தாள். விளக்கிய பிறகு அவளும் போட்டாள்.

டல்லாஸிலிருந்து: நான் சென்னையில் எம்பிபிஎஸ் முடித்தவள். கணவர் வேலைக்காக இங்கே வந்தோம். நேராக பான்ஸ் எழுதலாமா?

முடியாது. பி.ஏ. படிப்புகளை அங்கீகரிக்கும் ஏஆர்சி-பிஏ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் படிப்பை முடித்தவர்கள் மட்டுமே எழுதலாம். வெளிநாட்டு மருத்துவப் பட்டம் அதற்கு ஈடாகாது. பி.ஏ. ஆக வேண்டுமானால் முதலிலிருந்து சேர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் படிக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே டாக்டர். டாக்டர்களுக்கான உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ எழுதி ரெசிடென்ஸிக்கு (மருத்துவமனைப் பயிற்சிக்கு) போகும் வழியை முதலில் பாருங்கள். விசா விஷயத்துக்கு வக்கீலைக் கேளுங்கள், என்னை அல்ல.

சிகாகோவிலிருந்து: எந்தக் கேள்வி வங்கி நல்லது அக்கா?

மேலே சொல்லிவிட்டேன். ஒன்று. ஏதாவது ஒன்று.

அட்லாண்டாவிலிருந்து: டிபி தோல் பரிசோதனையில் 5, 10, 15 மில்லிமீட்டர் குழப்புகிறது. எனக்கே 12 வந்தது, சின்ன வயதில் பிசிஜி தடுப்பூசி போட்டதால்தான் என்று அம்மா சொல்கிறார்.

முதலில், அளப்பது தடிப்பை, சிவப்பை அல்ல. எச்ஐவி இருப்பவர், டிபி நோயாளியோடு அண்மையில் நெருங்கிப் பழகியவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர், எக்ஸ்ரேயில் பழைய டிபி தழும்பு இருப்பவர் என்றால் 5 போதும். டிபி அதிகமுள்ள நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர், மருத்துவமனை ஊழியர் என்றால் 10. எந்த ஆபத்தும் இல்லாதவருக்கு 15. உன் 12 இந்தக் கணக்கில் பாசிட்டிவ்தான். தேர்வில் "சின்ன வயதில் பிசிஜி போட்டவர்" என்று எழுதியிருந்தால் அதைச் சாக்காக வைத்துத் தள்ளிவிடாதே. அவருக்கு ஏற்ற பரிசோதனை எது என்று கேட்டால் ரத்தத்தில் செய்யும் இக்ரா, ஏனென்றால் பிசிஜி அதைக் குழப்பாது. நிஜத்தில் உனக்கு என்ன செய்வது என்பதை உன் டாக்டர் சொல்லட்டும். அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே, எல்லா அம்மாக்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஒரு அம்மா, மிச்சிகன்: எனக்கு மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது. என்ன மாத்திரை போடலாம்?

அம்மா, இது தேர்வுக்கான இடம். காலைத் தொட்டுப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லக் கூடாது. குடும்ப டாக்டரிடம் போங்கள்.

மதுரையிலிருந்து, ஒரு மருத்துவர்: 30 வருடம் வார்டில் இருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். தோப்புக்கரணம், நினைவுச் சொல், "இது வந்தால் அது" என்று சொல்லிக்கொடுத்துத் தேர்வில் தேற வைக்கலாம். நோயாளி பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டா வருகிறார்?

டாக்டர் சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாதியைச் சொந்தக் கதையாகவே சொல்கிறேன். மாணவியாக இருந்தபோது ஒரு நாள் 60 வயதுக்காரர் ஒருவர் வந்தார். ஒரு கால் திடீரென்று வலுவிழந்துவிட்டது. நெஞ்சு வலி இல்லை. நான் பக்கவாதம் என்று எழுதினேன். என்னை மேற்பார்த்த டாக்டர் ஒன்றும் பேசாமல் நோயாளியின் இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு அந்தக் காலைத் தொட்டார். கால் சில்லென்றிருந்தது, நாடி இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டா கிழிந்திருந்தது. "கிழிப்பது போல முதுகுக்குப் பாயும் வலி" என்று அட்டையில் எழுதி வைத்திருந்தேன். வலியே இல்லாமலும் அது வரும் என்பதை அட்டையில் எழுதவில்லை.

மறுபாதி இது. நீங்கள் நினைக்கிற மாதிரி வெறும் சொல்லை வைத்து இந்தத் தேர்வில் தேற முடியாது. நுரையீரல் ரத்தக்கட்டியில் ஈசிஜி எப்படி இருக்கும் என்று கேட்டால் எல்லாரும் எஸ்1க்யூ3டி3 என்ற பாடப்புத்தக ஈசிஜி வடிவத்துக்குப் பாய்வார்கள். "அதிகமாகக் காணப்படுவது எது" என்று கேட்டிருந்தால் விடை வெறும் வேகமான துடிப்பு, சைனஸ் டாக்கிகார்டியா. குழந்தையின் குடல் செருகலில் ஜெல்லி போன்ற ரத்த மலம் என்பார்கள். அது தாமதமாக வரும் அறிகுறி. அதற்காகக் காத்திருப்பவன் தேர்விலும் தோற்பான், வார்டிலும் தோற்பான். தோப்புக்கரணமும் குறுக்குவழி இல்லை சார். ரத்தம் எங்கே போகிறது என்பதுதான் அதில் பாடம்.

அதே மருத்துவர்: நாங்கள் ருமாட்டிக் மைட்ரல் ஸ்டெனோசிஸை (ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு குறுகுவதை)ப் படுக்கை படுக்கையாகக் காதால் கேட்டுக் கற்றோம். உங்கள் மாணவர்கள் ஹெட்போனில் கேட்கிறார்கள்.

அதில் எனக்குப் பொறாமையே உண்டு. 11 வருடத்தில் இந்தக் காதால் அதை இரண்டு பேரிடம்தான் கேட்டிருக்கிறேன். இரண்டு பேரும் வேறு நாட்டில் பிறந்தவர்கள். இங்கே தேர்வில் "இந்தியாவிலிருந்து வந்த கர்ப்பிணி, மூச்சுத்திணறல்" என்று ஆரம்பித்தாலே மாணவர்கள் மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்று குறித்துவிடுகிறார்கள். நம் ஊர்ப் பெயரே ஒரு அறிகுறி ஆகிவிட்டது! அதனால்தான் என் மாணவர்களிடம் ஓப்பனிங் ஸ்னாப்பும் (குறுகிய வால்வு திறக்கும் சத்தம்) அதற்குப் பின் வரும் தாழ்ந்த உருமலும் கதையில் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லையென்றால் கர்ப்பத்தில் மூச்சு வாங்க ஆயிரம் காரணம்.

வட கரோலினாவிலிருந்து: டாக்டர் சார் நேராகவே சொல்லலாமே, டாக்டருக்குப் படிக்க முடியாதவர்கள்தான் பி.ஏ. என்று.

அதே மருத்துவர்: நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி.

அவர் சொல்லவில்லை. தம்பி, நீ இருக்கும் மாநிலத்தில்தான் இந்தத் தொழில் பிறந்தது. 1965-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் முதல் வகுப்பைத் தொடங்கினார். சேர்ந்த நான்கு பேரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள். அந்த அனுபவத்தின் மேல் கட்டிய படிப்பு இது.

பாஸ்டனிலிருந்து: அப்போது "அசிஸ்டென்ட்" என்ற பெயரை மாற்றுவது சரிதானே? டாக்டர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

எங்கள் சங்கம் 2021-ல் "அசோசியேட்" என்று மாற்றத் தீர்மானித்தது. எனக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான், பெரியப்பாவுக்கு எப்படியும் பி.ஏ.தான். இந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே பாதி நேரம் போய்விட்டது.

ஹூஸ்டனிலிருந்து: என் கணவர் இந்தியாவில் எம்டி. அவர் பான்ஸ்…

முடியாது. டல்லாஸ் சகோதரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சென்னையிலிருந்து: நான் பி.எஸ்ஸி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கிறேன். அமெரிக்காவில் வேலை செய்ய முடியுமா அக்கா?

இதே பட்டத்தோடு முடியாது, தங்கை. பான்ஸ் எழுதவும் முடியாது. காரணம் மேலே சொன்ன அதே அங்கீகாரம்தான். ஆனால் உன் படிப்பைக் குறைவாக நினைக்காதே. இந்தியாவில் இது தொடங்கியதே உன் ஊரில்தான். 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே. எம். செரியனின் முயற்சியில். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்திலும் உங்கள் தொழில் இடம்பெற்றிருக்கிறது. இங்கே வரத்தான் வேண்டும் என்றால் இங்கே முழுப் படிப்பையும் மறுபடி படிக்கும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடு.

ஃப்ளோரிடாவிலிருந்து: 338 வாங்கித் தோற்றுவிட்டேன். 350 வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

12 புள்ளி. உனக்கு வந்திருக்கும் அறிக்கையில் எந்தப் பகுதியில் எப்படிச் செய்தாய் என்று இருக்கும். அதைத் திறந்து பார்க்கவே கை நடுங்கும், தெரியும். இரண்டு நாள் கழித்துப் பார். படிப்பு முடித்ததிலிருந்து 6 வருடத்துக்குள் 6 தடவை எழுதலாம். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் 90 நாள் இடைவெளி வேண்டும். அந்த 90 நாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்காதே. பலவீனமான மூன்று உறுப்புகள், அப்புறம் நேரம் வைத்து 60 கேள்வித் தொகுப்புகள். கடைசி வரியை முதலில் படி. வீட்டில் சொல்லிவிடு. மறைத்து வைத்துக்கொண்டு படிப்பது இரட்டைச் சுமை.

சியாட்டிலிலிருந்து: பொட்டாசியம் 7, ஈசிஜியில் கூரான டி அலை. இன்சுலின்தானே முதலில்?

இல்லை. கால்சியம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காப்பாற்றி நேரம் வாங்கித் தரும். அப்புறம்தான் குளுக்கோஸோடு இன்சுலின்.

விர்ஜீனியாவிலிருந்து: ரோஷ் முடித்துவிட்டேன், யூவேர்ல்டும் வாங்கலாமா?

வேண்டாம். வேண்டாம். தப்பானதை மறுபடி போடு.

மேரிலாந்திலிருந்து: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸில் இனிஷியல் மட்டும். தேர்வு மையத்தில் பிரச்சினை வருமா?

வரும்! இன்று வந்ததில் உருப்படியான கேள்வி இது. பதிவு செய்த பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டிய 550 டாலரும் போகும். இனிஷியல் என்றால் என்ன என்று தேர்வு மையத்து ஆளுக்கு விளக்கி ஜெயித்தவர் யாரும் இல்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார். லைசென்ஸை மாற்ற வாரக்கணக்கில் ஆகலாம்.

கலிஃபோர்னியாவிலிருந்து, அதே முதல் வருட மாணவன்: அக்கா, தோப்புக்கரணம் புரிந்துவிட்டது. கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால்?

கையை இறுக்கினால் ரத்தக்குழாய்கள் இறுகும், இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தம் ஏறும். முன்பக்கம் போகக் கஷ்டப்படும் ரத்தம் பின்பக்கம் ஒழுகும். ஆக, ஒழுகும் மர்மர்கள், மைட்ரல் ரிகர்ஜிடேஷனும் அயோர்ட்டிக் ரிகர்ஜிடேஷனும், கூடும். ஹெச்ஓசிஎம் குறையும். ஏன் என்று நீயே யோசித்து நாளைக்கு எழுது. எனக்கு இரவு ஷிஃப்ட் இருக்கிறது.