பொனார் ஓவியங்களில் வீடும் நிறமும்: கேள்வி பதில்

சாப்பாட்டு மேசை, குளியல் தொட்டி, ஜன்னல், மனைவி மார்த். பிரெஞ்சு ஓவியர் பியேர் பொனார் (1867–1947) பெரும்பாலும் வரைந்தது இவற்றைத்தான். அவரைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அவர் வரைந்த குளியலறைச் சுவர்கள் ஊதா, மஞ்சள், ஆரஞ்சு என்று மின்னுகின்றனவே, நிஜமாகவே அப்படியா இருந்தன?

பதில்: இல்லை. தென் பிரான்சில் லெ கானே என்ற ஊரில் 1926இல் அவர் வாங்கிய வீட்டில் இருந்தது சாதாரணக் குளியலறை. அவர் மார்த்தை எதிரில் உட்கார வைத்து வரையவில்லை. பாக்கெட் டைரியில் பென்சிலால் சின்னதாகக் கிறுக்கிக்கொள்வார், அன்றைய வானிலையையும் குறித்து வைப்பார். அப்புறம் ஓவிய அறைக்குப் போய் நினைவிலிருந்து வரைவார். எதிரில் பொருள் இருந்தால் கை அதை நகலெடுக்கப் போய்விடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அந்த நிறங்களெல்லாம் நினைவில் தங்கியவை.

இப்போது பிட்ஸ்பர்க் கார்னெகி அருங்காட்சியகத்தில் இருக்கும் 'குளியல் தொட்டியில் பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி' ஓவியத்தை 1941இல் தொடங்கி 1946இல் முடித்தார். 1942 ஜனவரியில், எழுபது வயது தாண்டிய நிலையில், மார்த் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் நான்கு வருடம் அந்தத் தொட்டியில் அவரை இளம்பெண்ணாகவே வரைந்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர். இது தெரிந்த பிறகு அந்த ஊதாவை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

கேள்வி: மார்த் ஏன் எப்போதும் குளித்துக்கொண்டே இருக்கிறார்?

பதில்: உடல்நிலை சரியில்லாதவர். நெடுநேரம் தண்ணீரில் இருப்பது அந்தக் காலத்தில் ஒரு சிகிச்சை.

கேள்வி: பிக்காசோவுக்கு இவரைப் பிடிக்காதாமே?

பதில்: ஆமாம். பொனார் ஒரு முடிவுக்கு வரத் தெரியாதவர் என்பது பிக்காசோ சொன்ன குறை. இன்னொரு பெரிய பிரெஞ்சு ஓவியரான மத்தீஸ் நேர்மாறாக, பொனார் மகத்தான ஓவியர் என்று எழுதியே கொடுத்தார். நான் மத்தீஸ் பக்கம். கிரெனோபிள் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் 'வெள்ளை அறை'யை (1932) பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கதவு, மேசை, ஜன்னல். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் பூனையிடம் குனிந்திருப்பது அப்புறம்தான் தெரியும், அவள் நிறமும் தரையின் நிறமும் அவ்வளவு ஒட்டிப்போகின்றன. தினமும் கூடவே இருப்பவரை நாம் இப்படித்தானே பார்க்கிறோம்? பிக்காசோ குறை சொன்ன அந்தத் தயக்கம் இல்லாமல் இந்த நெருக்கம் வந்திருக்காது.

கேள்வி: பொனாரின் ஓவிய நண்பர் வூய்யாரும் வீட்டைத்தானே வரைந்தார்?

பதில்: அவர் உலகம் அம்மாவுடையது. அம்மா வீட்டிலேயே தையல் தொழில் நடத்தியவர். அதனால் துணியின் பூக்களும் சுவர்த்தாளின் பூக்களும் சேர்ந்து ஆட்களை விழுங்கிவிடுகின்றன. 1890களின் சிறிய படங்களிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஓவியம் பழகுகிறேன். இவரிடம் எதைக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: உங்கள் சமையலறையைப் பென்சிலில் குறித்துக்கொண்டு வேறு அறையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுங்கள். ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அதே அளவு வெளிச்சமுள்ள நீலத்தை வையுங்கள், இரண்டும் துடிக்கும். சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தை மொபைலில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சரி. இன்னொன்று: பொனார் கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டாமல் சுவரில் குத்தி வைத்து வரைவார், ஓரம் எங்கே முடிய வேண்டும் என்பதைக் கடைசியில்தான் தீர்மானிப்பார். நீங்களும் தாளைக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.