ஞானஸ்நானம் எடுத்ததை மெமோவுக்கான பதிலில் எழுதலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். பூர்வீகம் கோலார் தங்கவயல், ஆதிதிராவிடர். எஸ்.சி. ஒதுக்கீட்டில் மாநில அரசு வேலைக்கு வந்தேன். சில வருடங்களுக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். இப்போது ரோஸ்டரில் (ஒதுக்கீட்டு வரிசையில்) பதவி உயர்வு வரும் நேரத்தில், கூட வேலை செய்பவர் நான் மதம் மாறிவிட்டேன் என்று பொறாமையில் புகார் கொடுத்துவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. 'நான் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவள். என் நம்பிக்கை என் சொந்த விஷயம். அரசியல் சாசனம் 25வது பிரிவு தந்த உரிமை' என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. புகார் கொடுத்தவருக்குப் பொறாமையா, ஆபீஸில் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் இந்த வழக்குக்குத் தேவையே இல்லை.

நம்பிக்கை உங்கள் சொந்த விஷயம்தான். அதை யாரும் கேட்கவில்லை. 1950ஆம் வருட எஸ்.சி. ஆணையின் 3வது பத்திப்படி, இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர வேறு மதத்தவர் எஸ்.சி. ஆக முடியாது. சீக்கியர்களை 1956லும் பௌத்தர்களை 1990லும்தான் சேர்த்தார்கள். மனதுக்குள் யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. ஊரறிய எந்த மதத்தவர் என்று அறிவித்துக்கொண்டீர்கள் என்றே பார்க்கிறது. செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்கு எத்தனையோ இந்துக்கள் வந்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அதனால் யாருடைய சான்றிதழும் போகாது. சபைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் கதை வேறு. புதுச்சேரியில் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணுக்கு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்ததற்கு ஞானஸ்நானமும் தொடர்ந்து சர்ச்சுக்குப் போனதும்தான் காரணம். ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்துக்குச் செய்யும் மோசடி என்றே தீர்ப்பில் சொன்னார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் பாருங்கள். எதிர்த் தரப்பு தேடி அலைய வேண்டிய சாட்சியத்தை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். ரோஷத்தில் எழுதிய இப்படிப்பட்ட கடிதங்களைத்தான் சாதிச் சான்றிதழை விசாரிக்கும் மாவட்டச் சரிபார்ப்புக் குழு ஃபைலின் முதல் பக்கத்தில் வைக்கும்.

இதற்கு நேர் எதிரான குழியிலும் என்னிடம் வழக்கு கொடுத்த கட்சிக்காரர்கள் விழுந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் 'சர்ச் வாசலை மிதித்ததே இல்லை' என்று அஃபிடவிட் போட்டார். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் வெளியே வந்தது. அதில் பெற்றோர் மதம் என்ற இடத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தார். அதோடு சாதி வழக்கு பொய்ச் சாட்சி வழக்காகிவிட்டது. இன்னும் சிலர் அவசரமாக ஹோமம் செய்து இந்து மதத்துக்குத் திரும்பியதாகப் பழைய தேதியில் சான்றிதழ் வாங்குகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். மனதாரத் திரும்பினாலும் சாதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டதைக் காட்ட வேண்டும். உங்கள் ஊர் வழக்கேதான்: 1967ல் தங்கவயல் தனித் தொகுதியில் ஜெயித்த எஸ். ராஜகோபால், தான் இந்து மதத்துக்குத் திரும்பிய ஆதிதிராவிடர் என்று சொல்லியும் தேர்தல் ரத்தானது. அவரை ஆதிதிராவிடராக உச்ச நீதிமன்றம் ஏற்றது அடுத்த தேர்தல் வழக்கில், 1975ல்.

மதம் மாறினால் சாதிக் கொடுமை நின்றுவிடாது. இந்தச் சட்டம் அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன். இதை ஆராய மத்திய அரசு 2022ல் ஆணையம் அமைத்தது. ஆனால் மெமோவில் கொடுத்த கெடு அதற்காகக் காத்திருக்காது.

உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. வேலையில் சேர்ந்தபோது நீங்கள் இந்து. அன்று உங்கள் சான்றிதழ் உண்மை. அந்த நியமனத்துக்காக வாதாடலாம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு ரோஸ்டரில் வாங்கியதற்காக வாதாடுவது மிகவும் கஷ்டம். அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: வரப்போகும் பதவி உயர்வை எஸ்.சி. ரோஸ்டரில் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். பொது சீனியாரிட்டியில் வரும்போது வரட்டும். நான்கைந்து வருடம் பின்னால் போகலாம். வேலையும் பென்ஷனும் போவதைவிட அது எவ்வளவோ மேல். புகார்தாரருடன் பேசுவதென்றாலும் இப்போதே பேசுங்கள். விஷயம் மாவட்டக் குழுவுக்குப் போன பிறகு அவர் வாபஸ் வாங்கினாலும் விசாரணை நிற்காது. பிள்ளைகளுக்கு இனி எஸ்.சி. சான்றிதழ் கேட்காதீர்கள். எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்குக் கர்நாடகப் பிற்பட்டோர் பட்டியலில் பிரிவு 1 இருக்கிறது.

மெமோவுக்குப் பதில் அரைப் பக்கம் போதும்: நியமனத் தேதி, அன்றைய சான்றிதழ், புகாரின் நகல் வேண்டும் என்ற கோரிக்கை. ஞானஸ்நானம் எடுத்தீர்களா என்று நேராகக் கேட்டால் தேதியோடு உண்மையைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அந்தத் தேதிக்குப் பிறகு எஸ்.சி. சலுகை எதையாவது வாங்கியிருக்கிறீர்களா என்று சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து ஒரு வக்கீலிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள்.