சொத்து வரியை நம்பி நகராட்சிகள் கடன் பத்திரம் வெளியிடலாமா?

சொத்து வரி வருவாயைக் கொண்டு திருப்பிச் செலுத்தும் கடன் பத்திரங்களை வெளியிட்டு, குடிநீர், வடிகால் போன்ற பணிகளை உள்ளாட்சிகள் செய்துகொள்ள அனுமதிக்கலாமா என்பது கேள்வி. அனுமதிக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் நீலகிரியில் அரையாண்டுக்கு ஒருமுறை வரி கட்டுகிறவன் என்ற முறையில் ஒரு நிபந்தனையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பது ஆண்டு உழைக்கப்போகும் குடிநீர்க் குழாயின் முழுச் செலவையும் இந்த ஆண்டு வரி கட்டுகிறவர் தலையில் வைப்பதைவிட, அதைப் பயன்படுத்தும் எல்லோரும் தவணையில் பகிர்ந்துகொள்வதே நியாயம். 1998இல் அகமதாபாத் மாநகராட்சி மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய் திரட்டியது. தனியாகச் சந்தைக்குப் போக முடியாத சிறிய ஊர்களுக்கு வழி காட்டியது தமிழ்நாடுதான். 2003இல் பத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளின் குடிநீர், துப்புரவுத் தேவைகளை ஒன்றுசேர்த்து, சுமார் 30 கோடி ரூபாய்க்கு ஒரே பத்திரமாக வெளியிட்டார்கள். உள்ளாட்சிகள் தங்கள் வருவாயிலிருந்து தவணைக்கான பணத்தைத் தனிக்கணக்கில் செலுத்த வேண்டும்; தவறினால், மாநில அரசு அவர்களுக்குத் தரும் நிதிப் பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்பது அன்றைய ஏற்பாடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தொடாத உதகைக்கும், அதைவிடச் சிறிய குன்னூருக்கும் இந்தக் கூட்டு முறைதான் பொருந்தும்.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். சமவெளியில் சாலை வந்தால் அடுக்குமாடிகள் எழும், வரி பெருகும், கடன் அடையும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது, செல்லவும் கூடாது. இங்கே கட்டடங்களுக்கு ஏழு மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருப்பது சரிவு தாங்காது என்பதால்தான். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. தவணை கட்ட வரி பெருகியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், கட்டட அனுமதியில் கை தளர்ந்துவிடுமோ என்று உண்மையாகவே அஞ்சுகிறேன். எங்கள் மாவட்டத்துக் கூடலூரின் நிலைமை வேறு. ‘ஜென்மம்’ என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்த வழக்குகளும் தகராறுகளும் தீராமல், அங்கே பலருக்கு வீட்டுமனைக்குப் பட்டாவே இல்லை; புதிய கட்டடங்களின் வரியை அங்கும் நம்ப முடியாது.

ஆகவே கடனை அடைக்கும் பணம் புதிய கட்டடங்களிலிருந்து அல்லாமல், இருக்கிற கட்டடங்களுக்குச் சரியான வரி விதிப்பதிலிருந்தே வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேல்புறம் உள்ள வீட்டில் ஆறு அறைகளைச் சீசனில் வாடகைக்கு விடுகிறார்கள். மே மாதத்தில் தினமும் தண்ணீர் லாரி வருகிறது. குளியலறைத் தண்ணீர் கற்படிகளின் ஓரமாக இறங்கி எங்கள் தடுப்புச் சுவரின் அடியில் ஊறுகிறது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு இன்றும் குடியிருப்புக்கான வரிதான் என்று உரிமையாளரே என்னிடம் சொன்னார்.

இப்படிப்பட்ட கட்டடங்களை எல்லாம் நேரில் பார்த்து வரிப் பதிவேட்டைத் திருத்திய பிறகு பத்திரம் வெளியிடட்டும். முதல் பணியாகச் சரிவுகளில் மழைநீர் வடிகாலை எடுத்துக்கொண்டால், என் வரி கூடினாலும் தயங்காமல் கட்டுவேன்.