பின்னேரங்களில் எங்கட கல்வித் தளம் இழுபடுகிறது. சேர்வரை நொடிக்கு நொடி கண்காணிப்பது எப்படி?

முல்லைத்தீவில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். 2 ஜிபி ராம் உள்ள வாடகை விபிஎஸ் (ஒரு பெரிய இயந்திரத்தைப் பங்குபோட்டுத் தருகிற சேர்வர்). அதில் பக்கங்களை அனுப்புகிற என்ஜின்எக்ஸ், அவற்றை உருவாக்குகிற பிஎச்பி, தரவைச் சேமிக்கிற மைஎஸ்கியூஎல். பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை இறக்குகிற பின்னேரங்களில் தளம் இழுபடுகிறது. ஆனால் ஹோஸ்டிங் பக்கத்து வரைபடத்தில் சிபியு 20 வீதத்தைத் தாண்டவே இல்லை என்கிறீர்கள். நானும் கிளிநொச்சியில் இருந்துகொண்டு இப்படியான சில தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வன்னியில் இந்தக் கேள்வி இரண்டாகப் பிரியும்: சேர்வர் திணறுகிறதா, இல்லை பிள்ளையின்ர போனில் சிக்னல் இல்லையா? இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத கண்காணிப்பால் எங்களுக்குப் பயன் இல்லை.

முதலில் அந்த 20 வீதம். இத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் 5 நிமிடச் சராசரியைத்தான் காட்டும். 300 நொடியில் 20 நொடி சிபியு 100 வீதத்தில் முட்டி நின்று, மிச்ச 280 நொடியும் 10 வீதத்தில் கிடந்தால் சராசரி 16 வீதம்தான் வரும். பிள்ளைகள் காத்திருந்து அலுத்துப் பக்கத்தை மூடுவது அந்த 20 நொடியில். இரணைமடுக் குளத்தில் வான்கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்பதை மாதச் சராசரி நீர்மட்டத்தில் தேட முடியாது.

நெட்டேட்டாவைப் போடுங்கோ. சேர்வரைக் கண்காணிக்கிற திறந்த மூல மென்பொருள், நொடிக்கு ஒரு தடவை அளவெடுக்கும், ஒரே கட்டளையில் நிறுவலாம், 19999ஆம் போர்ட்டில் பக்கம் திறக்கும். நிறுவின கையோடு அந்தப் போர்ட்டை வெளியாருக்கு அடைத்துவிடுங்கோ. அதன் அமைப்புக் கோப்பில் வெப் பகுதியில் ‘பைண்ட் டு’ என்பதை 127.0.0.1 (சேர்வர் தன்னைத்தானே குறிக்கும் முகவரி) ஆக்கி, எஸ்எஸ்எச் சுரங்கம் (சேர்வருக்குள் போகிற மறைகுறியாக்கிய இணைப்பு) வழியாக மட்டும் பாருங்கோ. என்ஜின்எக்ஸின் நிலையைக் காட்டும் ஸ்டப் ஸ்டேட்டஸ், பிஎச்பி செயல்களை நடத்துகிற பிஎச்பி-எஃப்பிஎம்மின் ஸ்டேட்டஸ் பக்கம் இரண்டையும் அதே சேர்வருக்குள் மட்டும் திறந்துவிட்டால் நெட்டேட்டா அவற்றையும் சேர்த்துக் காட்டும்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கோடு சிக்னலில் நிற்கும்போது அந்த வரைபடங்கள் போனில் திறக்காது. அப்போது எஸ்எஸ்எச்சில் நுழைந்து ‘விஎம்ஸ்டாட் 1’ என்று அடியுங்கோ. நொடிக்கு ஒரு வரி எழுத்துத்தான், டேட்டா பெரிதாகப் போகாது. முதல் வரியை விட்டுவிடுங்கோ, அது சேர்வர் தொடங்கியதில் இருந்தான சராசரி. எஸ்ஐ, எஸ்ஓ நிரல்களில் எண்கள் விடாமல் ஓடினால் ராம் போதாமல் ஸ்வாப்புக்கும் (ராமுக்குப் பதிலாகப் பயன்படும் டிஸ்க் இடம்) ராமுக்கும் இடையே அலைகிறது. டபிள்யுஏ ஏறினால் வேலை டிஸ்க்கில் காத்துக் கிடக்கிறது. எஸ்டி ஏறினால், அதே இயந்திரத்தில் இருக்கிற மற்ற விபிஎஸ்கள் உங்கட சிபியு நேரத்தைத் தின்கின்றன. அதற்கு நீங்கள் உள்ளுக்குள் எதைத் திருத்தியும் பலன் இல்லை, ஹோஸ்டிங்காரரோடு கதைக்க வேண்டும்.

சிபியு சும்மா இருக்க, தளம் மட்டும் இழுபட்டால் பிஎச்பி-எஃப்பிஎம்மின் ‘லிசன் கியூ’வை (காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசை) பாருங்கோ. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி செயல்களுக்கான ‘மேக்ஸ் சில்ட்ரன்’ எல்லை நிரம்பினால் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த எல்லையைக் கண்டபடி கூட்டவும் வேண்டாம். ஒரு செயல் 60 எம்பி எடுத்தால் 20 செயலுக்கே 1200 எம்பி. மைஎஸ்கியூஎல்லுக்கும் இடம் வேண்டுமே. மைஎஸ்கியூஎல்லின் மெதுவான வினவல் பதிவையும் திறந்து, இயல்பாக 10 நொடியில் இருக்கும் எல்லையை 1 நொடியாகக் குறையுங்கோ.

நான் ஆகப் பெரிதாக மதிப்பது இதைத்தான்: என்ஜின்எக்ஸ் பதிவு வடிவத்தில் ‘ரிக்வெஸ்ட் டைம்’, ‘அப்ஸ்ட்ரீம் ரெஸ்பொன்ஸ் டைம்’ என்ற இரண்டு மாறிகளையும் சேருங்கோ. முதலாவது, கோரிக்கை வரத் தொடங்கியதில் இருந்து பதில் முழுவதும் அனுப்பி முடியும் வரையான நேரம். இரண்டாவது, பிஎச்பி பதில் தர எடுத்த நேரம் மட்டும். ஒரு வரியில் முதல் எண் 14 நொடியும் இரண்டாவது 0.3 நொடியும் என்றால் சேர்வர் தன் வேலையை முடித்துவிட்டது, பிள்ளையின்ர லைன்தான் இழுக்கவில்லை. அதற்கு மருந்து பெரிய விபிஎஸ் அல்ல. ஸ்கான் செய்த வினாத்தாள் பிடிஎஃப்களின் எடையைக் குறைப்பது. டேட்டா காட் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் பெரிய உதவி. இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறினால் மட்டும் சேர்வருக்குள் தேடுங்கோ.

சேர்வர் விழுந்தால் அதற்குள் இருக்கிற நெட்டேட்டாவும் சேர்ந்து விழும். அதனால் வெளியில் இருந்து பார்க்க, தளம் எழும்பி இருக்கிறதா என்று சோதிக்கிற அப்டைம் குமா போன்ற ஒன்றை வேறு சேர்வரில் வைத்து, ரெலிகிராமுக்கு அறிவிப்பு வரச் செய்யுங்கோ. அலுவலகக் கம்பியூட்டரில் வைக்க வேண்டாம். கரண்ட் போனால் அது பேசாமல் இருந்துவிடும்.

அந்த இரண்டு மாறியையும் சேர்த்த பிறகு, தளம் இழுபடுகிற நேரத்துப் பதிவில் பத்து வரியை ஐபி முகவரிகளை அழித்துவிட்டு இங்கே போடுங்கோ. எந்தப் பக்கம் பிழை என்று பார்த்துச் சொல்கிறேன்.